பழைய அரசியல் நூல்களைத் தொகுத்தல்

பழைய புத்தகக் கடையை நாடிச் செல்வோர் பெரும்பாலும் இரு திறத்தினர். புதுநூல் வாங்கும் வசதியற்ற மாணவர் ஒரு திறத்தினர். கிடைத்தற்கரிய நூலை அதன் அருமை கருதியே விலை கொடுத்து வாங்குவோர் மற்றொரு திறத்தினர். இவ்விரு திறத்தாராலும் விரும்பப்படாது கடையின் மூலையிற் குவிந்து கிடப்பன அரசியல், வெளிநாட்டுக் கொள்கை, நாட்டுப் பாதுகாப்பு ஆகியன பற்றிய நூல்களே. இலக்கண நூல் நூறாண்டு கழிந்தும் பயன்படும். காவியமோ காலத்தால் மெருகு பெறும். அடுத்த போர் எங்கே மூளும் என ஆராயும் நூல், அப்போர் வேறோரிடத்தில் மூண்ட அன்றே விலையிழந்து விடுகின்றது. பதவியிழந்த அமைச்சரின் பேச்சுத் தொகுதியை எடைக்கு வாங்குவோரும் அரியர்.

ஆயின், விலையிழத்தற்குக் காரணமாகிய அப்பண்பே இந்நூல்களைத் தொகுக்கத் தக்கனவாகவும் ஆக்குகின்றது. நிகழ்ச்சி முடிந்தபின் எழுதப்படும் வரலாற்றில், நடந்தவை யாவும் நடந்தே தீரவேண்டியனவாகத் தோன்றும். முடிவு தெரியாத காலத்தில் எழுதப்பட்ட நூலிலோ அறிவுடையோர் எதனைக் கண்டனர், எதனைக் காணத் தவறினர், எதற்கு அஞ்சினர் என்பன எழுதியவாறே நிற்கும். நாடாள்வோரின் தீர்மானங்கள் யாவும் முடிவு தெரியாத காலத்திலேயே எடுக்கப்படுவன. ஆதலின், அத்தீர்மானங்களை எடைபோட விரும்பும் குடிமகனுக்கு இப்பழைய நூல்கள் வேறெங்கும் பெறவியலாத பயிற்சியை அளிக்கின்றன. ஆங்கில நூற்பெயர்கள் ஈண்டுத் தமிழாக்கித் தரப்படுகின்றன.

இத்துறை தமிழருக்குப் புதியதன்று. திருக்குறளின் பொருட்பாலிலே தூது, ஒற்றாடல், அரண், படைமாட்சி முதலிய அதிகாரங்கள் அமைந்துள்ளன. ஒற்றாடலிலே வள்ளுவர் ஒரு முறையை வகுக்கின்றார். ஒருவரையொருவர் அறியாத ஒற்றர் மூவரை விடுத்து, மூவர் கூற்றும் ஒத்தவிடத்தே அதனை உண்மையெனத் தெளிதல் வேண்டும் என்பது அம்முறை. அரசனுக்கு ஒற்றர் எவ்வாறோ, அரசாங்கத்தின் மறைவிடங்களுள் நுழையவியலாத பொதுமகனுக்கு நூல்கள் அவ்வாறே. ஒரு நிகழ்ச்சி பற்றி ஒரு நூலை மாத்திரம் வைத்திருப்பவன் ஓர் ஒற்றனை மாத்திரம் நம்பிய அரசனை ஒப்பான். எனவே, தொகுப்போன் நிகழ்ச்சி ஒவ்வொன்றிற்கும் மூவகைச் சாட்சிகளைத் தேடுதல் நன்று. நிகழ்ச்சிக்கு முன் எழுதப்பட்ட நூல் முதலாவது. அதில் ஈடுபட்டோர் பின்னர் எழுதிய நினைவுநூல் இரண்டாவது. மறைவாயிருந்த ஆவணங்கள் வெளிப்பட்டபின் தோன்றிய நூல் மூன்றாவது.

முதல் வகைக்கு நோர்மன் ஏஞ்சல் என்னும் ஆங்கிலேயரின் 'பெரும் மயக்கம்' சிறந்த உதாரணமாகும். 1909 ஆம் ஆண்டிலே சிறு நூலாக வேறொரு பெயருடன் வெளிவந்து, 1910 இல் விரிவடைந்து இப்பெயரைப் பெற்ற இந்நூல் பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. 1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டதும், ஐரோப்பாவில் இனிப் போரே நிகழாது என்று கூறி ஏமாந்தவர் ஏஞ்சல் என்னும் பேச்சுப் பரவியது. இன்றும் அவ்வாறே எழுதுவோர் உளர். பழைய பிரதி ஒன்றை எடுத்துப் பார்ப்பவர் வேறொன்றைக் காண்பர். போர் நிகழாது என்பதன்று அவர் வாதம். வணிகத்தாலும் கடனாலும் பிணிப்புண்ட நாடுகளிடையே, வென்ற நாட்டிற்கும் போரினாற் பொருளாதார இலாபம் விளையாது என்பதே அது. முதலாம் போருக்குப்பின் வென்ற நாடுகள் அடைந்த துன்பம் அவ்வாதத்தைப் பொய்ப்பித்தது என்று கூறுதல் எளிதன்று. 1933 ஆம் ஆண்டிற்குரிய சமாதான நோபல் பரிசு அவருக்கே வழங்கப்பட்டது. ஒரு நூலைப் பற்றிப் பிறர் கூறுவது வேறு, அந்நூல் கூறுவது வேறு என்பதை ஒரு சில நாணயங்களுக்கு வாங்கிய பழைய பிரதி உணர்த்திவிடுகின்றது.

நூலாசிரியரே தம் நூலை மாற்றியமைத்த சந்தர்ப்பங்களும் உள. பிரித்தானிய வெளிநாட்டமைச்சில் இருபது ஆண்டுகள் கடமையாற்றிப் பின் வேல்ஸ் நாட்டிலே பேராசிரியராகிய ஈ. எச். கார் எழுதிய 'இருபதாண்டு நெருக்கடி' சருவதேச அரசியல் பயிலும் மாணவர் இன்றும் கற்கும் நூலாகும். அதன் முதற் பதிப்பு, இரண்டாம் உலகப் போர் மூண்ட 1939 செப்தெம்பரிலே வெளிவந்தது. ஹிற்லருக்குச் செக்கோசுலோவாக்கியாவின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்த 1938 ஆம் ஆண்டு மியூனிச் உடன்படிக்கையை, வலிமைநிலை மாறும்போது போரின்றிச் செய்யப்படும் மாற்றத்திற்கு ஓர் எடுத்துக்காட்டாக அப்பதிப்பு ஏற்றுப் பேசியது. போர் முடிந்தபின் 1946 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் அப்பகுதிகள் நீக்கப்பட்டன. பின்வந்த மாணவர் பலர் கற்றது இரண்டாம் பதிப்பையே. அதனை மாத்திரம் கற்றவர், வலிமையின் இயல்பைத் தெளிவாக ஆராய்ந்த ஒரு பேரறிஞர் அக்காலத்து வலிமைமிக்க கொடுங்கோலனை எவ்வாறு மதிப்பிட்டார் என்பதை அறியமாட்டார். அந்நூலிற் கற்கத்தக்க பாடங்களுள் நீக்கப்பட்ட பகுதியும் ஒன்றன்றோ?

ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்ட மரபில் வந்தோருக்கு இஃது எளிதில் விளங்கும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது ஒரு சுவடியை மாத்திரம் நம்பினாரல்லர். பல ஊர்ச் சுவடிகளைத் தேடிப் பெற்று ஒப்பிட்டார். ஏட்டிற் பாடபேதம் பெரும்பாலும் எழுதுவோனின் கைப்பிழையால் நேர்வது. அரசியல் நூலிலோ அது பெரும்பாலும் ஆசிரியரின் கருத்து மாற்றத்தால் நேர்வது. ஆதலின் அதனை ஆராய்தல் மேலும் பயனுடைத்து.

கருத்து மாறுதல் இழுக்கன்று. ஹென்றி கிசிங்கர் 1957 இல் எழுதிய 'அணுவாயுதங்களும் வெளிநாட்டுக் கொள்கையும்' என்னும் நூலில், அணுவாயுதங்களை அளவோடு பயன்படுத்தும் வரையறுத்த போர் நடத்தல் கூடும் என வாதித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து வெளிவந்த 'தெரிவின் இன்றியமையாமை' என்னும் நூலில் அக்கருத்திலிருந்து பெரிதும் விலகி, சாதாரண ஆயுதப் படைகளைப் பெருக்குதலையே வலியுறுத்தினார். 1969 இல் அவர் அமெரிக்க சனாதிபதியின் பாதுகாப்பு ஆலோசகரானார். உலகின் உயிர்நிலை சார்ந்த ஒரு வினாவில் அவர் எக்காரணங்களால் மனம் மாறினார் என்பதை, இரு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பவரே முற்ற அறிவர்.

இரண்டாம் வகையாகிய நினைவுநூல்களை வாங்கும்போது, அவை வெளிவந்த ஆண்டை நோக்குதல் இன்றியமையாதது. இரண்டாம் உலகப் போரிலே ஜேர்மனியரின் மறைமொழிச் செய்திகளைப் பிரித்தானியர் பிரித்தறிந்து வந்தனர். 'அல்ட்றா' எனப்பட்ட அவ்விரகசியம் 1974 இல் வின்டர்பொதம் என்னும் முன்னாள் அதிகாரியின் நூல்வழியே ஆங்கில வாசகரிடையே பரவலாக அறியப்பட்டது. 1948 முதல் ஆறு தொகுதிகளாக வெளிவந்த சேர்ச்சிலின் போர் வரலாற்றிலே அவ்விரகசியத்தை அவர் வெளியிட இயலவில்லை. அக்காலத்துத் தளபதிகளின் நினைவுநூல்களும் அவ்வாறானவையே. பகைவனின் எண்ணத்தைத் தளபதி நுண்ணறிவாற் கண்டுகொண்டார் என 1974 க்கு முந்திய நூல் கூறுமிடத்தில், அவர் பகைவனின் செய்தியையே படித்திருக்கவும் கூடும். இவ்வாண்டை மனத்திற் கொண்டவர் தம் அலுமாரியை இரு தட்டுகளாகப் பிரித்து வைப்பர்.

இன்னோர் உதாரணம் 1962 ஒக்தோபரிலே கியூபாவில் ஏவுகணைகள் காரணமாக எழுந்த நெருக்கடியாகும். றொபேட் கெனடி எழுதிய 'பதின்மூன்று நாட்கள்' அவர் கொலையுண்டபின் 1969 இல் வெளிவந்தது. துருக்கியில் நிறுத்தப்பட்டிருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுவது சோவியத் ஒன்றியத்துடன் செய்த பண்டமாற்றன்று என்னும் எண்ணத்தையே அந்நூல் அளித்தது. அதனைப் பதிப்பித்த தியோடர் சொறென்சன், அது வெளிப்படையான உடன்பாடே என்பதைக் காட்டும் குறிப்புக்களைத் தாம் மாற்றியதாக 1989 இல் மொஸ்கோவில் நடந்த மாநாடொன்றில் ஒப்புக்கொண்டார். 1997 இல், கெனடி இரகசியமாகப் பதிவுசெய்த ஆலோசனைக் கூட்டங்களின் உரையாடல்கள் நூலாக வெளிவந்தன. உறுதியால் மாத்திரமே வென்றனர் என்னும் பாடத்தை இருபது ஆண்டுகள் கற்ற உலகம், விட்டுக்கொடுத்தும் வென்றனர் என்பதைக் காலந்தாழ்த்தியே கற்றது. இரண்டிற்கும் உள்ள வேற்றுமை, பிற்காலத்து நெருக்கடிகளிற் போரையோ சமாதானத்தையோ தீர்மானிக்கவல்லது. 1969 ஆம் ஆண்டுப் பிரதியை 1997 ஆம் ஆண்டு நூலுக்கு அருகில் வைப்பதன் பயன் இதுவேயாகும்.

மூன்றாம் வகைக்கு வியட்நாம் போர் பற்றிய 'பென்டகன் ஆவணங்கள்' தக்க சான்று. பாதுகாப்புச் செயலாளர் மக்நமாராவின் கட்டளைப்படி 1967 இல் தொடங்கப்பெற்ற இரகசிய ஆய்வு அது. 1971 யூன் 13 ஆந் திகதி 'நியூ யோர்க் டைம்ஸ்' அதனை வெளியிடத் தொடங்கியது. அரசாங்கம் தடுக்க முயன்றபோது, உயர்நீதிமன்றம் அதே மாதம் 30 ஆந் திகதி பத்திரிகைகளுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. பத்திரிகை தொகுத்த மலிவுப் பதிப்பு, செனற்றர் கிறாவெலின் பெயரால் வழங்கும் பதிப்பு, அரசாங்கப் பதிப்பு எனப் பழைய புத்தகக் கடைகளில் மூன்று வடிவங்கள் கிடைத்தல் கூடும். மூன்றும் ஒன்றல்ல. ஒன்றில் உள்ள பகுதி மற்றொன்றில் இராது. முழுவதும் அரசாங்கத்தால் வெளியிடப்பட்டது 2011 இலேயே. வாங்குவோர் எவ்வடிவம் எனப் பாராது வாங்கின், பாதி ஆவணத்தை முழுமையென நம்ப நேரும்.

இம்முறை நம் அயலகத்து நிகழ்ச்சிகளுக்கும் பொருந்தும். 1962 இல் நிகழ்ந்த இந்திய - சீனப் போரை எடுத்துக்கொள்வோம். எல்லைப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் கௌல் தம் பக்க நியாயத்தை 1967 இல் 'சொல்லப்படாத கதை' என எழுதினார். அவர் ஆணைக்குட்பட்டுப் போரிட்டுச் சீனரிடம் சிறைப்பட்ட பிரிகேடியர் தால்வி 1969 இல் 'இமாலயத் தவறு' என்னும் நூலில் மேலிடத்தைக் கடுமையாகச் சாடினார். இலண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையின் நிருபராயிருந்த நெவில் மக்ஸ்வெல் 1970 இல் 'இந்தியாவின் சீனப் போர்' என்னும் நூலில், பிணக்கு முற்றியதற்கு டில்லியின் கொள்கையையே பெரிதும் பொறுப்பாக்கினார். மூவரும் மூன்று திசையிலிருந்து நோக்குகின்றனர். ஒருவரையொருவர் மறுக்கின்றனர். எனினும், முன்னரங்கப் படையினர் போதிய உடையும் ஆயுதமும் வழியுமின்றி மலைமுகட்டிற்கு அனுப்பப்பட்டனர் என்பதில் அவர்கள் கூற்று ஒத்துச் செல்கின்றது. வள்ளுவர் காட்டிய முறைப்படி தெளியத்தக்கது அதுவே. தோல்வியை ஆராய்ந்து 1963 இல் அளிக்கப்பட்ட இராணுவ அறிக்கையை இந்திய அரசாங்கம் நெடுங்காலம் வெளியிடாது வைத்திருந்தமையால், அதன் ஒரு பகுதியை 2014 இல் மக்ஸ்வெல் தாமே வெளியிடும் வரை இந்நூல்களே பொதுமக்களுக்கு வழிகாட்டியாயின. அப்போரைத் தீர்க்கும் பொருட்டு 1962 திசெம்பரில் ஆறு நாடுகளின் மாநாடு கொழும்பிலே சிறிமாவோ பண்டாரநாயக்காவின் முயற்சியாற் கூடியமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

சிறிய நாட்டினருக்கு இத்தொகுப்பால் விளையும் பயன் பெரிது. பெரிய நாடுகளின் போர்த்தந்திர நூல்களிலே சிறிய நாடு பெரும்பாலும் மக்கள் வாழும் இடமாகத் தோன்றாது, துறைமுகமாகவோ விமானத்தளமாகவோ தோன்றும். 1945 இல் கே. எம். பணிக்கர் எழுதிய 'இந்தியாவும் இந்து சமுத்திரமும்' என்னும் நூலில் இலங்கை இந்தியாவின் கடற்பாதுகாப்போடு சேர்த்தே எண்ணப்படுகின்றது. இரண்டாண்டுகளின் பின் 1947 நவம்பரில் பிரித்தானியாவோடு பாதுகாப்பு உடன்படிக்கை கைச்சாத்திடப்பட்டது. திருகோணமலையிலும் கட்டுநாயக்காவிலும் இருந்த பிரித்தானியத் தளங்கள் 1957 இலேயே இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன. தம் நாட்டைப் பற்றி அயலார் எழுதிவைத்ததை அறியாதவர், அவ்வுடன்படிக்கை எக்கவலையிற் பிறந்தது என்பதையும் அறியார்.

இனி, கடையில் நூலைத் தெரியும் முறையை நோக்குவாம். முதலிற் பார்க்க வேண்டியது தலைப்புப் பக்கத்தின் பின்புறமாகும். பதிப்பு வேறு, மறு அச்சு வேறு. மறு அச்சில் வாசகம் பெரும்பாலும் மாறாது. புதிய பதிப்பில் மாறியிருத்தல் கூடும். முன்னுரைகள் பல இருப்பின் ஒவ்வொன்றின் திகதியையும் ஒப்பிடல் வேண்டும். சுருக்கப் பதிப்பு என்னும் சிறு குறிப்புக் கண்ணுக்குத் தப்பிவிடும். தேசப்படங்களும் பொருளகராதியும் கிழிபடாது உள்ளனவா எனப் புரட்டிப் பார்த்தல் வேண்டும். மேலுறை கிழிந்திருப்பது குறையன்று. வரி இழந்திருப்பதே குறை. முன்னாள் உரிமையாளர் ஓரத்தில் எழுதிய குறிப்புக்களை அழித்தலாகாது. ஒரு காலத்து வாசகர் எவ்விடத்தில் உடன்பட்டார், எவ்விடத்தில் வெகுண்டார் என்பதற்கு அவை சாட்சியாகும்.

அடுத்து நோக்கற்பாலது வெளியிட்டோர் யாவர் என்பது. 1936 முதல் 1948 வரை இயங்கிய 'இடதுசாரி நூற்கழகம்' தன் அங்கத்தவருக்கென ஆங்கிலத்தில் வெளியிட்ட செம்மஞ்சள் அட்டை நூல்களும், 1937 இல் தொடங்கிய பென்குயின் நிறுவனத்தின் அரசியற் சிறப்பு வெளியீடுகளும் மலிவு விலையில் அக்காலத்து விவாதத்தைப் பரப்பின. பின்னர் நிகழ்ந்த கெடுபிடிப் போர்க் காலத்திலே மலிவும் ஒரு கொள்கையாயிற்று. மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழ் உட்படப் பல மொழிகளில் நூல்களை அடக்கவிலைக்கும் குறைவாக அனுப்பியது. மறுபுறம், அமெரிக்கப் புலனாய்வு நிறுவனம் 1967 இறுதி வரையில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட நூல்களைத் தயாரித்தோ பணம் உதவியோ வெளிவரச் செய்தது என 1976 இல் அந்நாட்டுச் செனற் சபைக் குழு அறிக்கையிட்டது. பழைய புத்தகக் கடையில் இவ்விரு திறத்து நூல்களும் ஒன்றன்மேலொன்றாகக் கிடக்கின்றன. அவற்றை விலக்க வேண்டுவதில்லை. யார் பணத்தில் யாருக்காக அச்சிடப்பட்டது என்பதை அறிந்து வாங்கின், பிரசாரமும் ஆவணமாகிவிடும்.

வாங்கிய நூல்களைக் காத்தலும் கடமையாகும். போர்க்காலத்திலே கடதாசித் தட்டுப்பாடு காரணமாக 1942 முதல் பிரித்தானிய நூல்கள் மெல்லிய தரக்குறைந்த தாளில் அச்சிடப்பட்டன. அவை பழுத்து நொறுங்குவன. உப்புக்காற்றும் ஈரமும் உள்ள நம் நாட்டில் இராமபாணமும் கறையானும் எஞ்சியதை உண்ணும். அலுமாரியைச் சுவரிலிருந்து சற்று விலக்கி வைத்தலும், மாதமொருமுறை நூல்களை எடுத்துத் துடைத்து விரித்தலும், கிழிந்த தாளில் ஒட்டுநாடாவைத் தவிர்த்தலும் போதுமான தொடக்கமாகும். நூற்பெயர், ஆசிரியர், பதிப்பு, ஆண்டு, எந்நிகழ்ச்சி பற்றியது ஆகியவற்றைக் குறிக்கும் பதிவேடொன்று இருத்தல் வேண்டும். அஃதின்றேல் தொகுப்பு வெறும் குவியலாகும்.

தனியாரின் தொகுப்பு அவரோடு அழிந்துவிடுதல் பெருங் குறை. உரியவர் மறைந்தபின் வீட்டார் அதனை எடைக்கு விற்பதும் நிகழ்வதே. யாழ்ப்பாணப் பொது நூலகம், 1933 இல் கே. எம். செல்லப்பா தம் வீட்டிலே நூல்களை இரவல் கொடுத்த முயற்சியிலிருந்து வளர்ந்தது. 1981 மே 31 இரவு அது எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக வைக்கப்படும் அறிவு எத்துணை எளிதில் அழியும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 2005 இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் இன்று பலவற்றைக் காத்து வருகின்றன. எனினும், படியெடுத்து வைப்பதற்கு முதலில் ஒரு பிரதி எஞ்சியிருத்தல் வேண்டும். பெரும்பாலும் அது எஞ்சியிருப்பது யாரோ ஒருவரின் வீட்டு அலுமாரியிலேதான். அங்கிருந்து அது ஒரு கல்லூரி நூலகத்தைச் சேர்தல் முறை.

இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. கொழும்பு மருதானையிலோ, வெளியூர் செல்லுங்கால் ஆங்காங்குள்ள நடைபாதைக் கடைகளிலோ, ஒரு புதுநூலின் விலைக்கு மூன்று நான்கு பழைய நூல்களைப் பெறலாம். உயர்தர வகுப்பு மாணவர் பாடத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியைத் தெரிந்து, அதற்கு முன் எழுதிய ஒரு நூல், அதில் ஈடுபட்டவர் எழுதிய ஒரு நூல், ஆவணம் வெளிப்பட்டபின் எழுதிய ஒரு நூல் எனத் தொடங்கலாம். கல்லூரி நூலகமும் இவ்வாறு மும்மூன்றாக அடுக்கிய ஒரு தட்டை அவர்களுக்கென ஒதுக்கலாம். மூன்று நூல்களையும் முறையாகப் படித்த மாணவன், அன்றைய செய்தித்தாளிலே ஓர் அமைச்சரோ தளபதியோ நாட்டின் பாதுகாப்பின் பெயரால் விடுக்கும் கூற்றைப் படிக்கும்போது, அதற்கு இன்னும் இரு சாட்சிகள் வேண்டும் எனக் கேட்கப் பழகியிருப்பான்.